அவர் என்ன செய்தார்? – பிரிகேடியர் முஹம்மது உஸ்மான் நினைவுரை

(சுதந்திர தினத்தன்று கொடியேற்றத்திற்குப் பின்னர் நமது பள்ளிவாசல் மதரஸா வளாகத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

ஆண்டுதோறும் இந்நாளில் நாட்டுக்காக உழைத்த நம் முன்னோர்களின் பெயர்களை வரிசையாக வாசிக்கிறோம். கைதட்டுகிறோம். பிள்ளைகளுக்கு மிட்டாய் வழங்கிக் கலைந்து செல்கிறோம். அப்பெயர்களுள் ஒன்று பிரிகேடியர் முஹம்மது உஸ்மான் என்பதாகும். சென்ற ஆண்டு அப்பெயர் வாசிக்கப்பட்டபோது முன்வரிசையில் அமர்ந்திருந்த மதரஸா மாணவன் ஒருவன் எழுந்து, "அவர் என்ன செய்தார்?" என்று கேட்டான். மேடையிலிருந்த நாங்கள், "நாட்டுக்காக உயிரைக் கொடுத்தார்" என்று கூறிவிட்டு அடுத்த பெயருக்குச் சென்றுவிட்டோம். வீடு திரும்பிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அவர் எவ்வாறு இறந்தார் என்று அப்பிள்ளை கேட்கவில்லை. என்ன செய்தார் என்றல்லவா கேட்டான்! விடை எங்களிடம் இல்லை. ஓராண்டு காலம் தேடிப் படித்ததன் பயனாக, அக்கேள்விக்குரிய விடையை இன்று இம்மன்றத்தில் சமர்ப்பிக்க விழைகிறோம். அந்த மாணவன் இன்றும் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறான்.

உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில், அந்நாளைய ஆஜம்கர் மாவட்டத்தில், இன்றைய மௌ மாவட்டத்தில், பீபீபூர் என்றொரு சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1912ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் உஸ்மான் பிறந்தார். தந்தையார் காவல்துறையில் உயர் பொறுப்பு வகித்தவர். பிள்ளைப் பருவத்தில் உஸ்மானுக்குத் திக்குவாய் இருந்தது. பேச எழுந்தால் சொற்கள் தடைபடும். பன்னிரண்டு வயதில், கிணற்றில் விழுந்த ஒரு குழந்தையைக் காப்பாற்ற அவர் தாமே கிணற்றில் குதித்தார் என்று ஒரு செய்தி சொல்லப்படுகிறது. பெரியோர்களின் இளமைக் காலத்தைப் பற்றி இத்தகைய செய்திகள் பிற்காலத்தில் சேர்வதுண்டு. ஆகவே நாங்கள் அதன் மீது அதிகம் பாரம் ஏற்ற விரும்பவில்லை. ஆனால் திக்குவாய் உண்மை. ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு ஆணையிட வேண்டிய தொழிலை அத்தகைய ஒருவர் தேர்ந்தெடுத்தார் என்பதை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். பேச்சு வராதோர் வகுப்பில் கடைசி வரிசையில் ஒதுங்குவதை நம் மதரஸாவிலேயே நாம் காண்கிறோம் அல்லவா?

அக்காலத்தில் இந்திய இளைஞர் ஒருவர் ராணுவ அதிகாரியாவதென்றால் இங்கிலாந்திலுள்ள சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரிக்குச் செல்ல வேண்டும். அதில் இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் மிகச் சொற்பம். 1932இல் டேராடூனில் இந்திய ராணுவக் கல்லூரி தொடங்கப்பட்டதும் அவ்வழி அடைபட்டது. சாண்ட்ஹர்ஸ்டில் சேர்ந்த இந்தியர்களின் கடைசி அணியில் உஸ்மான் இடம்பெற்றார். 1934 பிப்ரவரியில் அதிகாரியாகப் பதவி பெற்று நாடு திரும்பினார். புதிதாக வரும் இந்திய அதிகாரிகளை முதலில் ஓராண்டு இங்குள்ள பிரிட்டிஷ் படையணி ஒன்றில் வைத்துப் பழக்குவது அன்றைய மரபு. அந்த ஓராண்டு முடிந்ததும், 1935 மார்ச்சில், 10ஆவது பலூச் ரெஜிமெண்டின் 5ஆவது பட்டாலியனில் அவர் சேர்க்கப்பட்டார்.

அதே ஆண்டில் வடமேற்கு எல்லைப்புறத்தில் மொஹ்மந்து பழங்குடியினருக்கு எதிரான படையெடுப்பில் பணியாற்றினார். பிரிட்டிஷ் அரசுக்காக அங்கு நடந்த போர்கள் நியாயமானவையா என்னும் வினா தனி. அதனை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அம்மலைகள் ஓர் இளம் அதிகாரிக்குக் கற்றுத்தந்த பாடம் ஒன்றுண்டு. மலைநாட்டில் சாலையைக் காக்க வேண்டுமாயின் சாலையில் நின்று பயனில்லை. இருபுறமும் உள்ள குன்றுகளின் உச்சியில் சிறு சிறு காவல் முனைகளை அமைக்க வேண்டும். பிக்கெட் என்று ராணுவத்தார் அதனை அழைப்பர். உச்சியைப் பிடித்தவன் சாலையைப் பிடித்தவனாவான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இந்தப் பாடம் பயன்படவிருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் குவெட்டாவிலுள்ள படைத்துறை அதிகாரிகள் கல்லூரியில் பயின்றார். பின்னர் பர்மாப் போர்முனையில் பணியாற்றினார். அப்பணிக்காக 1945 செப்டம்பரில் அரசிதழில் அவர் பெயர் குறிப்பிடப்பட்டது. 1945 ஏப்ரலிலிருந்து ஓராண்டு காலம் பலூச் ரெஜிமெண்டின் 16ஆவது பட்டாலியனுக்குத் தலைமை தாங்கினார். அப்பொறுப்பை ஏற்கையில் அவருக்கு வயது முப்பத்திரண்டு. திருமணம் செய்துகொள்ளவில்லை. மது அருந்துவதில்லை. அதிகாரிகள் உணவகத்தில் மதுக்கோப்பை ஏந்தாதவரை விநோதமாகப் பார்க்கும் காலம் அது. ஊதியத்தில் ஒரு பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட்டார் என்று அவரை அறிந்தோர் கூறியுள்ளனர்.

பெரியோர்களே! இனி 1947ஆம் ஆண்டுக்கு வருவோம்.

நாடு பிரிந்தது. நிலம் பிரிந்ததை நாம் அறிவோம். படை எவ்வாறு பிரிந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். பீரங்கிகள், வாகனங்கள், கிடங்குகள் யாவும் பங்கிடப்பட்டதைப் போலவே ரெஜிமெண்டுகளும் பங்கிடப்பட்டன. பலூச் ரெஜிமெண்ட் பாகிஸ்தானின் பங்காகச் சென்றது. அதிகாரிகளைப் பொறுத்தவரை ஒரு விதி இருந்தது. பாகிஸ்தானாக அமைந்த பகுதிகளைச் சேர்ந்த முஸ்லிம் அதிகாரி இந்தியப் படையைத் தேர்ந்தெடுக்க இயலாது. இந்தியப் பகுதிகளைச் சேர்ந்த முஸ்லிம் அதிகாரி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். உஸ்மான் ஆஜம்கர்க்காரர். ஆகவே முடிவு அவர் கையில் இருந்தது. அத்தகைய உரிமை பெற்றவர்களில் பெரும்பாலோர் அப்பால் சென்றனர்.

ரெஜிமெண்ட் என்பது ராணுவத்தாருக்கு வெறும் அலுவலகமன்று. அதிகாரி தம் முதல் நாளிலிருந்து இறுதிவரை அதன் உடையையும் சின்னத்தையும் அணிந்து, அதன் வீரர்களின் பெயர்களையும் குடும்பங்களையும் அறிந்து வாழ்பவர். இந்தியாவில் தங்குவதென்றால் உஸ்மான் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த அந்த வீட்டை இழக்க வேண்டும். இந்த இழப்பு அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிற்காலத்தில் பீல்டு மார்ஷலான மானெக்ஷாவின் ரெஜிமெண்டும் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட, அவர் கூர்க்காப் படையில் சேர வேண்டியதாயிற்று. ஆனால் மானெக்ஷா பார்சி சமூகத்தவர். உஸ்மானோ முஸ்லிம். அப்பால் வருமாறு அவரை அழைத்தனர். ஜின்னாவும் லியாகத் அலி கானும் அவரை வற்புறுத்தினர் என்றும், வருங்காலத்தில் படைத் தளபதிப் பதவியே காத்திருப்பதாக அவருக்குக் கூறப்பட்டது என்றும் எழுதியுள்ளனர். முப்பத்தைந்து வயதினர் ஒருவருக்கு இது சிறிய ஆசைகாட்டல் அன்று. அவர் மறுத்தார். டோக்ரா ரெஜிமெண்டுக்கு மாற்றப்பட்டார்.

இவ்விடத்தில் நம் பேச்சாளர்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். பதவியை மறுத்தார், பிறகு உயிரைக் கொடுத்தார் என்று முடித்துவிடுகின்றனர். இடைப்பட்ட ஆறு மாதங்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மாணவனின் கேள்விக்குரிய விடை அந்த ஆறு மாதங்களில்தான் இருக்கிறது.

1947 அக்டோபர் 22ஆம் நாள் பழங்குடிப் படையினர் காஷ்மீருக்குள் நுழைந்தனர். 26ஆம் நாள் மன்னர் ஹரி சிங் இந்தியாவுடன் இணையும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். மறுநாள் இந்தியப் படைகள் ஸ்ரீநகரில் இறங்கின. நாம் வழக்கமாகக் கேள்விப்படுவது ஸ்ரீநகர்க் கதையைத்தான். ஜம்முவின் மேற்குப் பகுதியில் நிலைமை அதனினும் மோசமாக இருந்தது. நவம்பர் இறுதியில் மீர்பூர் வீழ்ந்தது. அகதிகள் திரள் திரளாக வந்தனர். எஞ்சியிருந்த முக்கிய இடங்களில் ஒன்று நௌஷேரா. அதற்கு மேற்கே மீர்பூரிலிருந்தும் கோட்லியிலிருந்தும் வரும் சாலைகள் சந்திக்கும் ஜாங்கர் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஜாங்கர் யார் கையிலிருக்கிறதோ, அப்பகுதிப் போக்குவரத்தின் கடிவாளம் அவர் கையிலிருக்கும்.

அங்கிருந்த 50ஆவது பாராசூட் பிரிகேடுக்குத் தலைமையேற்க 1947 டிசம்பரில் உஸ்மான் அனுப்பப்பட்டார். பெயர்தான் பாராசூட் பிரிகேடு. அங்கு எவரும் வானிலிருந்து குதிக்கவில்லை. மலையேறி நடந்து போரிட்ட காலாட்படையாகவே அது பணியாற்றியது. அவர் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே, டிசம்பர் 25ஆம் நாள், எண்ணிக்கையில் பன்மடங்கு மிகுந்த எதிர்ப்படை ஜாங்கரைக் கைப்பற்றியது. ஆம், அன்னாரின் நௌஷேரா வரலாறு தோல்வியில்தான் தொடங்குகிறது. இதனைப் பாராட்டுரைகள் மறைத்துவிடுகின்றன. மறைப்பதால் அவருக்குப் பெருமை சேராது. பின்னர் அவர் செய்த வேலையின் கனம்தான் நமக்குத் தெரியாமல் போகிறது.

அந்த வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோற்றுப் பின்வாங்கிய ஒரு படை. கடுங்குளிர்க் காலம். சுற்றிலும் மலைகள். நகரில் வீடிழந்த அகதிகள். படைவீரர்கள் இந்துக்களும் சீக்கியர்களும். பஞ்சாபில் நடந்த கொலைகளில் தம் உறவினரை இழந்தவர்கள் அவர்களுள் இருந்திருப்பர் என்பதை எளிதில் ஊகிக்கலாம். அவர்களுக்குத் தலைவராக வந்திருப்பவர் ஒரு முஸ்லிம். எதிரே நிற்பவர்களும் முஸ்லிம்கள். வந்த சில நாட்களில் ஜாங்கரும் போய்விட்டது. "இவரை நம்பலாமா?" என்னும் கேள்வி ஒருவர் வாயிலும் வராமல் இருந்திருக்கலாம், ஒருவர் மனத்திலும் எழாமல் இருந்திருக்கும் என்று எங்களால் நம்ப இயலவில்லை.

அந்தக் கேள்விக்கு அவர் மேடை போட்டுப் பதில் சொல்லவில்லை. ஜாங்கரை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று உறுதி பூண்டார். தரையில் பாய் விரித்துப் படுத்தார். ஜனவரி மாதத்து ஜம்மு மலைக்குளிரில் அது என்னவென்பதை அங்கு சென்று வந்தவர்கள் அறிவார்கள். வீரர்கள் கிடக்கும் நிலையிலேயே தாமும் கிடப்பது என்பதே அவரது முதல் ஆணை என்று நாங்கள் கருதுகிறோம்.

அடுத்து அவர் செய்தது குன்றுகளைக் கவனித்தது. முன்னர்ச் சொன்ன எல்லைப்புறப் பாடம் இங்கே வந்து நிற்கிறது. நௌஷேராவுக்கு வடகிழக்கே சுமார் ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் கோட் என்னும் மேட்டுநிலத்தில் எதிர்ப்படை அமர்ந்திருந்தது. மேற்குப் பகுதிப் படைகளின் தலைமையை 1948 ஜனவரியில் ஏற்றிருந்த ஜெனரல் கரியப்பா நௌஷேராவுக்கு வந்தார். பார்வையிட்டுத் திரும்புகையில், தமக்குப் பரிசாகக் கோட்டைத் தருமாறு உஸ்மானிடம் கேட்டார் என்பது ராணுவத்தார் விரும்பிச் சொல்லும் நிகழ்ச்சி. அந்த நடவடிக்கைக்குக் கரியப்பாவின் செல்லப் பெயரான கிப்பர் என்பதையே சூட்டினர். பிப்ரவரி முதல் நாள் கோட் கைப்பற்றப்பட்டது.

அது நடந்த ஐந்தாம் நாள், பிப்ரவரி 6ஆம் தேதி விடியற்காலையில், நௌஷேராவின் மீது பெருந்தாக்குதல் தொடங்கியது. பல்லாயிரவர் பல திசைகளிலிருந்தும் காவல் முனைகளை நோக்கி வந்தனர். தாயின்தர் என்னும் குன்றின் மீதிருந்த காவல் முனையில் நடந்த போர் இந்திய ராணுவ வரலாற்றில் தனி அத்தியாயம். அங்கே ராஜபுத்திர ரெஜிமெண்டைச் சேர்ந்த நாயக் ஜதுநாத் சிங் ஒன்பது பேருடன் ஒரு முனையைக் காத்தார். மூன்று முறை வந்த தாக்குதலையும் எதிர்த்து, கடைசியில் தனியொருவராக எதிர்நின்று மாண்டார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அக்குன்று விழும் தறுவாயில் உஸ்மான் சரியான நேரத்தில் துணைப்படையை அங்கு அனுப்பினார். நௌஷேரா நிலைத்தது. ஐந்து நாட்களுக்கு முன் கோட் கைவசப்படாமல் இருந்திருப்பின் அன்றைய முடிவு வேறாகியிருக்கும் என்றே தோன்றுகிறது.

ஜதுநாத் சிங்கின் பெயரை இங்கே விரிவாகச் சொன்னதற்குக் காரணமுண்டு. உஸ்மானைப் பற்றிப் பேசும் நம்மவர் ஜதுநாத் சிங்கைச் சொல்வதில்லை. ஜதுநாத் சிங்கைப் பற்றிப் பேசுவோர் பலர் உஸ்மானைச் சொல்வதில்லை. ஒரே நாளில், ஒரே மலையில், ஒருவர் ஆணையின்கீழ் மற்றொருவர் நின்ற போர் அது. அவ்விருவரையும் பிரித்து வைத்துப் பேசுவது அந்த மலைக்கே பொருந்தாது.

நௌஷேராவில் பெற்றோரை இழந்து திரிந்த சிறுவர்களை உஸ்மான் ஒன்று சேர்த்தார் என்றும் படித்தோம். அவர்களுக்கு உணவும் கல்வியும் பயிற்சியும் தர ஏற்பாடு செய்தார். பாலகர் சேனை என்று அதற்குப் பெயர். போர் நடந்த வேளையில் அச்சிறுவர்கள் சிலர் செய்திகளைக் கொண்டு சென்றதாகவும் குறிப்புகள் உள்ளன. சிறுவர்களைப் போர்க்களத்தில் நடமாடவிட்டது சரியா என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அன்று அவர்களுக்கு வேறு புகலிடம் ஏதும் இருக்கவில்லை என்பதும் உண்மை.

அந்த வெற்றிக்குப் பிறகு உஸ்மானின் பெயர் நாடெங்கும் பரவியது. நௌஷேராவின் சிங்கம் என்று அழைத்தனர். எதிர்த்தரப்பினர் அவர் தலைக்கு 50,000 ரூபாய் விலை வைத்தனர் என்பர். 1948இல் அத்தொகை எத்துணைப் பெரிதென்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். அவரோ இன்னமும் பாயில்தான் படுத்திருந்தார். ஜாங்கர் இன்னும் திரும்பவில்லையே!

மார்ச் மாதம் ஜாங்கரை மீட்கும் நடவடிக்கை தொடங்கியது. மேஜர் ஜெனரல் கல்வந்த் சிங்கின் தலைமையில் 19ஆவது காலாட்படை பிரிகேடும் உஸ்மானின் 50ஆவது பாராசூட் பிரிகேடும் புறப்பட்டன. அதற்கு விஜய் என்று பெயரிட்டிருந்தனர். மழை இடைமறித்தது. மலைப்பாதைகள் சேறாயின. எனினும் 1948 மார்ச் 18ஆம் நாள் ஜாங்கர் மீண்டும் இந்தியப் படையின் கைக்கு வந்தது. அன்றிரவு உஸ்மான் கட்டிலில் படுக்கலாம். ஆனால் பிரிகேடின் தலைமையிடத்தில் கட்டிலே இல்லை! அக்கம்பக்கத்துக் கிராமத்து வீடொன்றிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டிலை இரவல் வாங்கி வந்தனராம். இந்தச் செய்தியைப் படித்தபோது எங்களுக்கு வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மூன்று மாத காலம் படைத் தலைமையிடத்தில் ஒருவருக்குக்கூடக் கட்டில் இருக்கவில்லை என்பதன்றோ அதன் பொருள்?

அன்னார் ஜாங்கரிலேயே தங்கினார். மே மாதத்திலிருந்து பாகிஸ்தானின் முறையான ராணுவமும் போரில் இறங்கியது. பழங்குடிப் படையினரிடம் இல்லாத பெரிய பீரங்கிகள் இப்போது எதிரே இருந்தன. ஜாங்கரை மீண்டும் பிடிக்க ஓயாமல் குண்டு பொழிந்தனர். ஜூலை 3ஆம் நாள் மாலை, வழக்கமான அதிகாரிகள் கூட்டம் முடிந்த வேளையில், சுமார் ஐந்தே முக்கால் மணிக்கு, தலைமையிடத்தின் மீது குண்டுகள் விழத் தொடங்கின. உடனிருந்தோர் பாறை மறைவுகளில் ஒதுங்கினர். 25 பவுண்டர் எனப்படும் பீரங்கியின் குண்டொன்று உஸ்மானின் அருகே விழுந்து வெடித்தது. அவர் உயிர் பிரிந்தது. தாம் போனாலும் தாம் காத்த இடம் போய்விடலாகாது என்னும் கருத்தில் அவரது இறுதிச் சொற்கள் அமைந்தன என்று கூறுவர். முப்பத்தாறு வயது நிறைவதற்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. இருபது வயதில் ராணுவக் கல்லூரிக்குள் நுழைந்தவருக்கு, அதன்பின் படையைத் தவிர வேறு வாழ்க்கை இருக்கவில்லை. மனைவி மக்களென்று அழ எவருமில்லை. ஆனால் அவர் கீழிருந்த வீரர்கள் வெளிப்படையாக அழுதனர் என்று எழுதி வைத்துள்ளனர். ஜாங்கர் அதற்குப் பின்னும் விழவில்லை. 1949 ஜனவரி முதல் நாள் போர் நிறுத்தம் வந்தபோதும் இந்தியாவின் கையிலேயே இருந்தது.

உடல் டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டு ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய கபுறுஸ்தானில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. பிரதமர் நேரு வந்தார். மௌலானா அபுல் கலாம் ஆசாத் வந்தார். ஷேக் அப்துல்லா வந்தார். கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்று இரு வாரங்கள் ஆகியிருந்த நம் தமிழகத்து ராஜாஜியும் வந்தார். மறைவுக்குப் பின் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

மாணவச் செல்வமே, நீ கேட்ட கேள்விக்கு எங்களால் இயன்ற விடை இது. தோற்றுப்போன ஒரு படையை மூன்றே மாதங்களில் எழுப்பி நிறுத்தினார். தாம் இழந்த இடத்தைத் தாமே மீட்டார். மீட்ட இடத்தை விட்டு நகராமல் இருந்தார். பதினான்கு ஆண்டுகள் கற்ற தொழிலை, தேவைப்பட்டபோது பிழையின்றிச் செய்தார்.

பெரியோர்களிடம் வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சற்றுக் கசப்பாகவும் இருக்கலாம், பொறுத்தருள்க. நம் சமுதாயத்தின் நாட்டுப்பற்றை எவரேனும் சந்தேகித்துப் பேசும்போதெல்லாம் நாம் உஸ்மானை எடுத்து நீட்டுகிறோம். அவரையடுத்து, 1965 போரில் கேம்கரன் பகுதியில் பீரங்கி வண்டிகளைத் தகர்த்து மாண்டு பரம்வீர் சக்கரம் பெற்ற ஹவில்தார் அப்துல் ஹமீதை நீட்டுகிறோம். (அவர் ஊர் காஜிப்பூர் மாவட்டத்தில், உஸ்மானின் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.) குடும்ப அட்டையை நீட்டுவதுபோல் நீட்டுகிறோம். சந்தேகம் தீர்ந்ததா என்று எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்கிறோம். பிறகு அட்டையை மடித்து உள்ளே வைத்துவிடுகிறோம். நாங்களும் இதனைச் செய்தவர்கள்தாம். இதே மேடையில் செய்திருக்கிறோம். ஒரு மனிதரைச் சான்றிதழாக்கிவிட்டால் அவரைப் பற்றி எதனையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லாமல் போகிறது. பெயர் ஒன்றே போதுமானதாகிவிடுகிறது. ஒரு சிறுவன் கேட்டபோது விடையின்றி நின்றதன் காரணம் இதுவே.

2020 டிசம்பர் இறுதியில் ஒரு செய்தி வந்தது. டெல்லியில் உஸ்மானின் கபுறின் மீதிருந்த கல் உடைந்து கிடந்த படங்கள் வெளியாயின. அடக்கத்தலத்தைப் பேணுவது யார் பொறுப்பு என்று பேச்சு எழுந்தது. அதற்குள் ராணுவத்தினர் வந்து அதனைச் சீரமைத்துவிட்டனர். ஜாங்கரில் அவர் விழுந்த இடத்திலும் நினைவிடம் அமைத்து ராணுவத்தினர் ஜூலை 3ஆம் நாளில் மரியாதை செலுத்தி வருகின்றனர். அவரைச் சான்றிதழாக அன்றி ஒரு பிரிகேடியராக நினைவில் வைத்திருப்பவர்கள் அவர்களே.

டெல்லியைக் குறை சொல்ல நமக்குத் தகுதியுண்டா என்று எண்ணிப் பார்த்தோம். நம் மஹல்லாவிலேயே ஒரு பெரியவர் இருந்தார். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அஸருக்குப் பின் ஹவுழின் ஓரத்தில் அமர்ந்திருப்பார். பெயர் வேண்டாம், அவர் பேரப்பிள்ளைகள் இங்கே அமர்ந்திருக்கின்றனர். இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குச் சென்று வந்தவர். ஒரு காது கேட்காது. "மிலிட்டரி அப்பா" என்று அழைத்து, செவிட்டுக் காதின் பக்கம் நின்று ஏதேனும் சொல்லிவிட்டு ஓடுவோம். அவரும் சிரிப்பார். அந்தக் காது ஏன் கேட்கவில்லை என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. எந்தப் படையில் இருந்தார், எந்த ஆற்றைக் கடந்தார், உடன் சென்றவர்களில் எத்தனை பேர் திரும்பினர் என்று ஊரில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் மௌத்தான பிறகு வீட்டைச் செப்பனிட்டபோது ஒரு தகரப் பெட்டியை ஈயம் பித்தளைக்காரரிடம் நிறுத்துப் போட்டுவிட்டதாக இவ்வுரைக்காகச் சென்று விசாரித்தபோது வீட்டார் வருத்தத்துடன் கூறினர். பெட்டிக்குள் பதக்கங்கள் இருந்தனவா என்பது அவர்களுக்கு நினைவில்லை. விடுவிப்புச் சான்று ஒன்று மட்டும் குர்ஆன் வைக்கும் மாடத்தில் இருந்ததால் தப்பியது. அதில் எழுத்துகள் பாதி மங்கிவிட்டன. இருப்பினும் அவர் பெயரும் எண்ணும் தெளிவாக உள்ளன.

அச்சான்றின் நகலை வீட்டார் அனுமதியுடன் பெற்று மதரஸா நூலக அலமாரியில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறோம். இன்று தொழுகைக்குப் பின் அனைவரும் பார்க்கலாம். நிர்வாகக் குழுவின் முடிவின்படி, நம் மஹல்லாவில் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றில் பணியாற்றியோர் விவரங்களைத் திரட்டத் தொடங்கியுள்ளோம். உயிருடன் இருப்போரிடம் நேரில் வந்து கேட்டு எழுதிக்கொள்வோம். மறைந்தோரின் கடிதம், படம், ஓய்வூதியப் புத்தகம் எதுவாயினும் வீட்டார் செயலாளரிடம் காட்டினால் நகலெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். எழுதும் பொறுப்பை, சென்ற ஆண்டு கேள்வி கேட்ட மாணவனிடமும் அவனுடைய வகுப்புத் தோழர்களிடமும் ஒப்படைத்துள்ளோம். இதுவரை ஏழு பெயர்கள் வந்துள்ளன. பரணில் தகரப் பெட்டி வைத்திருப்போர், அருள்கூர்ந்து அதனை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.